வடம் அறுந்த கப்பல்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், ஹெர்வி பே என்ற ஊருக்கு எதிரே, கடலில் ஒரு தீவு நீண்டு கிடக்கிறது. 123 கிலோமீட்டர் நீளம். அகலம் எங்கே அளந்தாலும் 22 கிலோமீட்டரைத் தாண்டாது. முழுக்க மணல். உலகிலேயே பெரிய மணல் தீவு அதுதான். அதன் கிழக்குக் கரையில், அலை ஏறி இறங்கும் இடத்தில், ஒரு கப்பலின் எலும்புக்கூடு நிற்கிறது. பெயர் மஹேனோ.

படங்களில் அதைப் பலர் பார்த்திருப்பார்கள். பக்கத் தகடுகள் உதிர்ந்துபோய் விலாக் கம்பிகள் மட்டும் வரிசையாக நிற்கும். வெயிலில் சூளைச் செங்கல் நிறம். மழை நனைத்த நாளில் ஏறக்குறையக் கறுப்பு. ஒரு காலத்தில் பயணிகள் கன்னம் வைத்துக் கடலைப் பார்த்த வட்டச் சன்னல்களில் இப்போது கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை. துருவின் நடுவே ஓட்டைகள், ஓட்டைக்குள் வானம். தகட்டோடு தகட்டை இணைத்த ஆணிகளின் தலைகள் சில இடங்களில் இன்னும் கொப்புளம் போலப் புடைத்துக்கொண்டிருக்கின்றன. பல இடங்களில் ஆணியும் போய், துளை மட்டும் மிச்சம். அருகில் போனால் துரு ஒரே பாளமாக இல்லை என்பது தெரியும். பழைய புத்தகத்தின் தாள்களைப் போல ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. கை பட்டால் மேல் ஏடு உடைந்து விழும். அதன்மேல் ஏறக் கூடாது என்று தீவு நிர்வாகம் தடை போட்டிருப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் காட்சியைப் பார்க்கும் எவருக்கும் மனதில் ஒரு கதை தானாக ஓடும். நள்ளிரவு, புயல், அலறும் பயணிகள், மூழ்கும் உயிர்கள். ஆவி நடமாடுகிறது என்ற பேச்சும் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஆனால் மஹேனோ இந்தக் கரையில் ஏறியபோது அதில் ஒரு பயணிகூட இல்லை. இருந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் நல்லபடியாகக் கரை சேர்ந்தார்கள். அப்படியானால் இவ்வளவு பெரிய கப்பல் இங்கே எப்படி வந்தது? என்னைக் கேட்டால், இந்தச் சிதிலத்தின் பிறப்பிடம் புயலடித்த கடல் அல்ல. அது புயலுக்கு முன்பே, கப்பலை விற்று, அதன் புரொப்பல்லர்களைக் கழற்றிய இடத்திலேயே பிறந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்ல அதற்கும் முப்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றோரம் டம்பார்ட்டன் என்றொரு ஊர். அங்கே வில்லியம் டென்னி அண்ட் பிரதர்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் இருந்தது. புகழ்பெற்ற பாய்மரக் கப்பலான 'கட்டி சார்க்' கட்டி முடிக்கப்பட்டது இவர்களிடம்தான். கப்பலைக் கட்டுவதற்கு முன் அதன் சிறு மாதிரியை நீண்ட தண்ணீர்த் தொட்டியில் இழுத்து ஓட்டிப் பார்க்கும் சோதனைத் தொட்டியை, வணிகக் கப்பல் கட்டுவோரில் முதலில் அமைத்தவர்களும் இவர்களே, ஆண்டு 1883. அந்தத் தொட்டி இன்றும் அங்கே காட்சியகமாக இருக்கிறது. கணக்குப் பார்த்துக் கட்டுகிறவர்கள். புதுமைக்கு அஞ்சாதவர்கள்.

அப்போதைய பெரும்புதுமை நீராவிச் சுழலி. அதுவரை கப்பல் இன்ஜின் என்றால் உலக்கை குத்துவது போல மேலும் கீழும் இயங்கும் தண்டுகள்தான். கப்பலே அதிரும். சார்ல்ஸ் பார்சன்ஸ் என்ற பொறியாளர் நீராவியை இதழ் இதழான சக்கரத்தின்மேல் பாய்ச்சி, காற்றாடி போலச் சுழல விட்டார். 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில், கேட்காமலே தன் 'டர்பினியா' படகை உள்ளே ஓட்டி, அதன் வேகத்தை உலகத்துக்குக் காட்டினார். நான்கே ஆண்டில், 1901இல், சுழலியால் ஓடும் உலகின் முதல் வணிகக் கப்பலை டென்னி நிறுவனம் கட்டிவிட்டது. அதன் பெயர் 'கிங் எட்வர்ட்'.

அந்த வரிசையில் வந்தவள் மஹேனோ. 1905 ஜூன் 19 அன்று தண்ணீரில் இறங்கினாள். கப்பலைப் பெண்ணாகச் சொல்வது ஆங்கிலேயர் வழக்கம். இந்தக் கப்பல் செய்த வேலையைப் படித்த பிறகு எனக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. 400 அடி நீளம், ஐயாயிரம் டன்னுக்கு மேல் கொள்ளளவு, மூன்று புரொப்பல்லர்கள். சொந்தக்காரர்கள் நியூசிலாந்தின் யூனியன் நீராவிக் கப்பல் நிறுவனம். தங்கள் கப்பல்கள் பலவற்றுக்கு மாவோரி மொழிப் பெயர்களை வைப்பது அவர்கள் வழக்கம். மஹேனோ என்பது நியூசிலாந்தின் தென் தீவில் ஒட்டாகோ பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர்.

நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே டாஸ்மன் கடல். முரட்டுக் கடல். சிட்னிக்கும் வெலிங்டனுக்கும் ஆக்லாந்துக்கும் இடையே அந்தக் கடலை மஹேனோ ஆண்டுக்கணக்கில் குறுக்கே கடந்தாள். அந்த வழியில் ஓடிய வேகமான கப்பல்களில் ஒன்று அவள். வியாபாரிகளும் கம்பளி முகவர்களும் புதுமணத் தம்பதிகளும் நாடகக் குழுக்களும் போய் வந்த வழி அது. இந்தப் பத்து ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காக ஓடுகிற கப்பலைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை.

முதல் உலகப் போருக்கு நடுவே 1915 வந்தது. ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலியில் இறங்கின. முதல் நாளிலிருந்தே காயம்பட்டவர்கள் குவிந்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்லத் தக்க கப்பல்கள் போதவில்லை. எதையெதையோ ஏற்றி வந்த கப்பல்களில் சாணமும் வைக்கோலும் கிடந்த தளங்களில் குண்டடி பட்டவர்களைக் கிடத்திய செய்தி நியூசிலாந்தை எட்டியது. நாட்டின் ஆளுநர் லிவர்பூல் பிரபு முன்னின்று நிதி திரட்டினார். மக்கள் காசாகவும் படுக்கை விரிப்புகளாகவும் கட்டுத்துணியாகவும் கொடுத்தார்கள். அந்தக் கொடையில் மஹேனோ மருத்துவமனைக் கப்பலாக மாறினாள். நியூசிலாந்தின் முதல் மருத்துவமனைக் கப்பல். பயணிகள் விருந்துண்ட கூடங்களில் கட்டில்கள் வரிசையாயின. அறுவைச் சிகிச்சை அறைகள் முளைத்தன. உடல் முழுக்க வெள்ளை வண்ணம், சுற்றிலும் ஒரு பச்சைப் பட்டை, நடுவே பெரிய செஞ்சிலுவைகள். அந்த வண்ணம் சர்வதேசப் போர்ச் சட்டத்தின் கட்டளை. இந்தக் கப்பலைச் சுடாதே, இதன்மேல் குண்டு போடாதே என்று எதிரிக்குச் சொல்லும் மொழி.

அந்த ஆண்டு ஜூலை இரண்டாவது வாரத்தில் மஹேனோ வெலிங்டனை விட்டுப் புறப்பட்டபோது அதில் சார்லட் லு கல்லே என்ற செவிலி இருந்தார். எல்லோருக்கும் லாட்டி. அவர் தம்பி லெட்ரா அப்போது கலிப்போலிப் போர்முனையில் இருந்தார். போகிற இடத்தில் தம்பியைப் பார்த்துவிடலாம் என்பது அக்காவின் ஆசை. வழி நெடுக அவருக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்ட் கடைசியில், கலிப்போலியின் 'அறுபதாம் குன்று' என்ற இடத்துக்காகக் கடும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது மஹேனோ அங்கே போய் நங்கூரமிட்டாள். அந்தக் குன்றின் மேல் ஏறிய படைகளில் நியூசிலாந்துக்காரர்களோடு இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் இருந்தது. கரையிலிருந்து தட்டைப் படகுகளில் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றினார்கள். எல்லாம் ஒரு சின்ன நாட்டிலிருந்து வந்த பையன்கள். கட்டுத்துணியை விலக்கினால் தெரிந்த முகமாக இருந்துவிடுமோ என்ற பயம் அந்தச் செவிலியர் ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கும்.

லாட்டி தம்பியைப் பார்க்கவில்லை. மாதங்கள் போன பிறகு, தாம் அனுப்பிய கடிதங்களே தமக்குத் திரும்பி வந்தன. பெறுநர் இறந்துவிட்டார் என்ற குறிப்போடு. அப்படித்தான் அவருக்குச் செய்தி தெரிந்தது. லெட்ரா ஜூலை 23 அன்றே குண்டடிபட்டு இறந்திருந்தார். அதாவது மஹேனோ நியூசிலாந்தை விட்டுக் கிளம்பி இரண்டு வாரம்கூட ஆகாத நேரத்தில். அக்கா கப்பலில் உட்கார்ந்து எழுதிய கடிதங்களில் எத்தனை இறந்தவருக்கு எழுதியவை என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. இந்த ஒரு செய்தியைப் படித்த நாளிலிருந்து அந்தத் துருப்பிடித்த வட்டச் சன்னல்களை வெறும் ஓட்டைகளாக என்னால் பார்க்க முடிவதில்லை. அவற்றில் ஏதோ ஒன்றின் பக்கத்தில் அமர்ந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார்.

கலிப்போலிக்குப் பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. 1916இல் பிரான்சின் சோம் போர்முனையில் சிதைந்தவர்களை ஆங்கிலக் கால்வாய் தாண்டி இங்கிலாந்துக்குக் கொண்டு போனாள். இன்னும் பலரை நியூசிலாந்துக்கே திருப்பிக் கூட்டி வந்தாள். கூடவே 'மரமா' என்ற இன்னொரு கப்பலும் மருத்துவமனையாக மாறி ஓடியது. மாவோரி மொழியில் நிலா என்று பொருள். இவை பாதுகாப்பாகத் திரும்பியதற்கு வெள்ளை வண்ணமும் செஞ்சிலுவையும் ஒரு காரணம். அந்தக் குறிகள் இல்லாமல் படைத் தளவாடங்களோடு போன 'மார்க்கெட்' என்ற கப்பலை 1915 அக்டோபர் 23 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. அதில் பத்து நியூசிலாந்துச் செவிலியர் இறந்தார்கள். நோயாளிகளைத் தொட்டு உழைத்தவர்களை எந்தக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதே அவர்கள் உயிரைத் தீர்மானித்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

போர் முடிந்தது. மஹேனோ வெள்ளையைக் களைந்துவிட்டு மறுபடி டாஸ்மன் கடலுக்குத் திரும்பினாள். ஆனால் கப்பலுக்கு முப்பது வயது என்பது மனிதருக்கு எண்பது. நிலக்கரிச் செலவு, பழைய கொதிகலன்கள், புதிய கப்பல்களின் போட்டி, 1930களின் பொருளாதார மந்தம். அந்தக் காலத்தில் ஜப்பான் உலகமெங்கும் பழங்கப்பல்களை விலைக்கு வாங்கி உடைத்து இரும்பாக்கிக்கொண்டிருந்தது. 1935இல் மஹேனோவை ஒசாகாவின் கப்பல் உடைப்பவர்களுக்கு விற்றார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

அதில் தவறில்லை. எல்லாக் கப்பலின் கதியும் அதுதான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'ரஜூலா'வை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மறக்கவே இல்லை. அதுவும் கிளைடு ஆற்றோரம், 1926இல், பார்க்ளே கர்ல் நிறுவனம் கட்டியதுதான். இலட்சக்கணக்கான தமிழர்களைச் சுமந்த அந்தக் கப்பலை 1974இல் பம்பாயில் உடைத்தார்கள். இன்று தொட்டுப் பார்க்க ஒரு தகடு இல்லை. மஹேனோவும் ஒழுங்காக ஒசாகா போய்ச் சேர்ந்திருந்தால் இப்படித்தான் ஆகியிருக்கும். எந்த ஊர்க் கட்டடத்திலோ இரும்புக் கம்பியாகி மறைந்திருப்பாள்.

1935 ஜூலை 3. சிட்னித் துறைமுகத்திலிருந்து இரண்டு கப்பல்கள் கிளம்பின. முன்னால் 'ஊனா'. 1888இல் கட்டிய இன்னும் பழைய கப்பல், 1,758 டன்தான். அதுவும் உடைபடப் போகிற கப்பலே. ஆனால் அதன் இன்ஜின் ஓடும் நிலையில் இருந்ததால் அதையே இழுவைக் கப்பலாக்கிவிட்டார்கள். பின்னால், தன்னைவிட மூன்று மடங்கு பெரிய மஹேனோ. இரண்டுக்கும் இடையே 900 அடி நீளக் கம்பி வடம். மஹேனோவின் புரொப்பல்லர்களைக் கழற்றியாயிற்று. எட்டுப் பேர் மட்டும் காவலுக்கு.

புரொப்பல்லரை ஏன் கழற்றுகிறார்கள்? அது விலை உயர்ந்த வெண்கலக் கலவை. தனியே விற்றால் நல்ல காசு. இழுத்துச் செல்லும்போது தண்ணீரில் அது ஒரு தடையும்கூட. கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுவிட்டது. தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தேருக்கு வடம் மட்டும் போதாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆள் வேண்டும். வடம் இழுக்கும், முட்டுக்கட்டைதான் திருப்பும், நிறுத்தும். முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாத தேரை யாராவது வீதியில் விடுவார்களா? ஐயாயிரம் டன் கப்பலை அப்படித்தான் கடலில் விட்டார்கள். நகரும் வலு இல்லை, திரும்பும் வழி இல்லை. அதன் உயிர் முழுக்க ஒரு கம்பியில்.

ஜூலை 7 மாலை. கரையிலிருந்து சுமார் 50 மைல் தூரத்தில் அவர்களைப் புயல் பிடித்தது. அங்கே அது குளிர்காலம். புயல் பருவமே இல்லை. நீண்ட வடத்தில் இழுக்கும்போது நடுவில் அது தண்ணீருக்குள் தொய்ந்து நிற்க வேண்டும். அந்தத் தொய்வுதான் அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். முன் கப்பல் ஒரு அலையின் மேலும் பின் கப்பல் இன்னொரு அலையின் சரிவிலும் இருக்கும்போது தொய்வு முழுக்கத் தீர்ந்து வடம் விண்ணென்று விறைக்கும். அந்த ஒரு நொடியில் அதன்மேல் விழும் பாரம், அமைதியான கடலில் நாள் முழுக்க இழுப்பதைவிடப் பல மடங்கு. வடம் அறுந்தது. மறுபடி கட்டப் பார்த்தார்கள். அந்தக் கடலில் முடியவில்லை. ஊனாவின் சுக்கான் இயந்திரமும் பழுதானது. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதே அதற்குப் பெரும்பாடு. உதவி கேட்டு வானொலியில் செய்தி அனுப்பியது.

மஹேனோ எட்டுப் பேரோடு இருளில் விலகிப் போய் மறைந்தாள்.

அந்த மூன்று நாள்தான் இந்தக் கதையின் புதிர். எங்கே போனது என்று கரையில் யாருக்கும் தெரியாது. கவிழ்ந்ததா, பாறையில் மோதியதா, இன்னும் மிதக்கிறதா? கப்பலுக்குள் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. இன்ஜின் ஓசை இல்லாத கப்பல் புயலில் எழுப்பும் ஓசை வேறு மாதிரி. காலியான அறைகளில் கதவுகள் அடித்துக்கொள்ளும். எங்கோ ஆழத்தில் தளர்ந்த இரும்பு உருளும். கட்டுப்பாட்டில் இல்லாத கப்பல் அலைக்கு முகம் கொடுக்காது. பக்கம் காட்டிக்கொண்டு விழும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இனி நிமிராதோ என்று எண்ணும்போது நிமிரும். எட்டுப் பேர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

ஜூலை 10 அன்று கீத் விர்ச்சூ என்ற விமானி மேலிருந்து தேடி வந்தபோது, மணல் தீவின் கரையில் பெரிய கப்பல் ஒன்று ஏறி நிற்பதைக் கண்டார். பக்கத்து மணலில் எட்டுப் பேர் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். 12ஆம் தேதி ஊனா வந்து சேர்ந்தது.

அந்தக் கரை பாறைக் கரையாக இருந்திருந்தால் எட்டுப் பேரும் பிழைத்திருப்பார்களா என்பது ஐயம்தான். புயல் தள்ளிக்கொண்டு போன வழியில் குறுக்கே கிடந்தது நூற்றிருபது கிலோமீட்டர் மணல். கப்பல் மெத்தையில் விழுந்தது போல விழுந்தது. ஆனால் உயிரைக் காத்த அதே மணல் கப்பலைத் திருப்பித் தரவில்லை. மிதக்க வைக்க முயன்றார்கள், நகரவில்லை. விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. உள்ளே இருந்த தேக்குச் சாமான்களையும் பித்தளையையும் கழற்ற முடிந்த மட்டும் கழற்றிக்கொண்டு உடலை விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அங்கேயே நிற்பதுதான் நாம் படத்தில் பார்க்கும் மஹேனோ.

மணல் ஏன் கப்பலை விடுவதில்லை என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும் அதே கதை. நியூ சவுத் வேல்ஸ் ஆறுகள் மலையிலிருந்து அரித்துக் கொண்டுவந்த மணலைக் கடல் வடக்கு நோக்கித் தள்ளித் தள்ளி, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் இந்தத் தீவையே கட்டியது. அப்படிப்பட்ட கரையில் அசையாமல் நிற்கும் எதுவும் புதையும். அலை திரும்பும்போது கப்பலின் அடியோரத்து மணலைச் சுரண்டி எடுத்துப் போகும். கப்பல் தன் எடையால் சற்றே இறங்கும். அடுத்த ஏற்றம் புது மணலைக் கொண்டுவந்து இடுக்கை அடைக்கும். இப்படியே தொண்ணூறு ஆண்டு. நாம் மேலே பார்ப்பது மேல் தளங்களின் மிச்சம். அடித்தளங்கள் மணலுக்குள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப் படைக்குக் குண்டு வீசிப் பழக ஓர் இலக்கு தேவைப்பட்டது. ஆளில்லாக் கரையில் ஒரு பெரிய கப்பல் சும்மா நிற்கிறது. போட்டுப் பழகினார்கள். தீவின் மேற்குப் பக்கத்தில் 'இசட்' சிறப்புப் படையின் பயிற்சி முகாமும் இருந்தது. எதிரி எல்லைக்குள் ஊடுருவித் தாக்கும் கமாண்டோக்கள். 1943 செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களுக்கு வெடி வைத்த புகழ்பெற்ற தாக்குதல் இந்தப் பிரிவினுடையது. அதற்கு அவர்கள் போன படகின் பெயர் 'கிரைட்', நம் கட்டுவிரியன். அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் வெடிவைக்கப் பழகியதும் மஹேனோவில்தான். போர்க்காலத் தேவை என்று சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் என்மேல் குண்டு போடாதே என்று பச்சைப் பட்டையும் செஞ்சிலுவையும் தரித்துக் கலிப்போலிக் கரையில் நின்ற கப்பல் அது. அந்தப் படுக்கைகளில் பிழைத்து ஊர் திரும்பியவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

ஒரு கப்பல் கரை தட்டிய கதையைச் சொல்லிவிட்டு, கரையின் கதையைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. ஏனென்றால் இந்தத் தீவுக்கு வெள்ளையர் இட்ட பெயரே ஒரு கப்பல் விபத்தில் பிறந்தது. 1836இல் 'ஸ்டர்லிங் காசில்' என்ற கப்பல் வடக்கே பவளப்பாறையில் மோதி உடைந்தது. கேப்டன் ஜேம்ஸ் ஃபிரேசரும் அவர் மனைவி எலிசாவும் சிறு படகில் இந்தத் தீவை அடைந்தார்கள். கணவர் இறந்தார், எலிசா சில வாரங்களில் மீட்கப்பட்டார். பின்னாளில் இங்கிலாந்தில் அவர் அனுபவம் பல விதமாக ஊதிப் பெருக்கப்பட்டு அச்சேறியது. அடைக்கலம் தந்த, தீவின் பூர்வகுடிகளான பட்சுல்லா மக்கள் அதில் கொடியவர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். தீவின் பெயர் ஃபிரேசர் தீவு என்றானது. பெயர் போனதோடு நிற்கவில்லை, மண்ணும் போனது. மஹேனோ தண்ணீரில் இறங்குவதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1904இல், தீவின் மிஷன் குடியிருப்பை மூடி, அங்கிருந்தவர்களில் பெரும்பாலோரைத் தொலைவுக்குக் கொண்டுபோனார்கள். அதனால்தான் மஹேனோ கரை தட்டியபோது அது 'ஆளில்லாக் கரை'. ஆயிரமாயிரம் ஆண்டு ஆள் இருந்த கரை அது.

பட்சுல்லா மக்கள் தீவை கர்ரி என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'கே' உண்டு, ஒலிப்பதில்லை. அவர்கள் கதைப்படி, உலகைப் படைக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட யிந்திங்கிக்குத் துணையாக வந்த வெண்ணிற ஆவி கர்ரி. படைத்து முடித்த இடத்தின் அழகைப் பார்த்து, நான் இங்கேயே தங்கிவிடுகிறேன் என்றாளாம். ஆவியாகத் தங்க முடியாது என்று அவளைத் தீவாகப் படுக்க வைத்து, உடுத்த மரங்களைத் தந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஏரிகளைக் கண்களாக வைத்தான் யிந்திங்கி. துணைக்கு மனிதர்களையும் விலங்குகளையும் வைத்தான். 1992இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தத் தீவு இடம்பெற்றது. 2023 ஜூன் 7 அன்று ஃபிரேசர் என்ற பெயர் அதிகாரபூர்வமாக விலகி, கர்ரி திரும்பியது. ஒரு கப்பல் விபத்து எடுத்துக்கொண்ட பெயரைத் திரும்பப் பெற 187 ஆண்டு ஆகியிருக்கிறது.

மஹேனோவுக்கு இன்னும் எத்தனை ஆண்டு? உப்புத் தண்ணீரில் ஒரு முறை, உப்புக் காற்றில் ஒரு முறை என்று நாளுக்கு இருமுறை மாறி மாறி நனைந்து காய்வதுதான் இரும்புக்கு மிகக் கொடியது. முழுக்க மூழ்கியிருந்தாலாவது மெல்லத் தேயும். ஆண்டுதோறும் எடுக்கும் படங்களை அடுக்கிப் பார்த்தால் தளங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, அணியத்தின் கூர்மை மழுங்கி, நடுப்பகுதி குழிந்து வருவது தெரியும். பெரும் புயல் அடித்த மறு வாரம் மணல் விலகி, பல ஆண்டு காணாத ஒரு பகுதி வெளியே தலை காட்டும். அடுத்த சில மாதத்தில் மறுபடி மூடும். அதைத் தூக்கிக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் நடக்காது, தொட்டால் உதிர்ந்துவிடும். படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொண்டே இருப்பதும், அதன் கதையைத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பதும்தான் இப்போது செய்யக்கூடியது.

அந்தக் கரைக்கு எழுபத்தைந்து மைல் கடற்கரை என்று பெயர். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஈரமணல் இறுகித் தார்ச்சாலை போலாகும். சட்டப்படி அது சாலையேதான். வேக வரம்பும் உண்டு. சிறு சுற்றுலா விமானங்களும் அதே மணலில் இறங்கி ஏறுகின்றன. ஏலி ஓடையைத் தாண்டி வடக்கே சில கிலோமீட்டர் ஓட்டினால் தொலைவில் முதலில் ஒரு கறுப்புக் கோடு தெரியும், பிறகு விலாக் கம்பிகள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள் அரைமணி நேரம் சுற்றி வருவார்கள். கடல் ஏறத் தொடங்கியதும் ஓட்டுநர் கூப்பிடுவார். கடைசி ஆள் திரும்புவதற்குள் முதல் அலை வட்டச் சன்னல்கள் வழியாக உள்ளே போய், மறுபக்கம் வெளியே வந்திருக்கும்.